பாவித்த கார்களுக்கான இணையவழி ஏலம்: சேவைபெறுநருடன் சேர்ந்து முறைமையை விருத்தி செய்தல்

தகவல் முறைமை விருத்தி என்னும் அலகைக் கற்கும் மாணவர் பலர் முறைமை விருத்தி வாழ்க்கை வட்டத்தின் படிகளை வரிசையாகப் பாடமாக்கி வைத்திருப்பர். தேவைகளை இனங்காணல், வடிவமைத்தல், குறிமுறையாக்கல், சோதித்தல், நிறுவுதல், பராமரித்தல் என உடனே ஒப்புவிப்பர். ஆனால் ஒரு சம்பவத்தைத் தந்து, இங்கு முறைமைப் பகுப்பாய்வாளர் எவற்றைக் கேட்டறிதல் வேண்டும் என வினவினால் விடை ஓரிரு வரிகளுடன் நின்றுவிடும். எனவே இக்கட்டுரையில் ஒரேயொரு முறைமையை எடுத்து, அதனைப் பயன்படுத்தப்போகின்றவர்களுடன் சேர்ந்து அதனை எவ்வாறு உருவாக்கலாம் என நோக்குவோம். பாவித்த கார்களை இணையவழியில் ஏலத்தில் விற்கும் முறைமையே அது.

ஏன் பாவித்த கார்?

ஒரு பாடநூலை இணையவழியில் விற்பது இலகு. அதன் ஒரு பிரதிக்கும் மற்றைய பிரதிக்கும் வேறுபாடு இல்லை. பாவித்த கார் அப்படியன்று. ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில், ஒரே நிறத்தில் வெளிவந்த இரு கார்கள் ஐந்து ஆண்டுகளின் பின்னர் முற்றிலும் வேறான பொருள்களாகிவிடும். ஒன்று விபத்தில் சிக்கித் திருத்தப்பட்டிருக்கலாம். மற்றையது வெள்ளத்தில் நின்றிருக்கலாம். இவற்றை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார்.

இந்தத் தகவல் சமனின்மை சந்தையை எவ்வாறு கெடுக்கின்றது என்பதை ஜோர்ஜ் அகர்லொவ் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் பாவித்த கார்ச் சந்தையே. நல்ல காரையும் பழுதான காரையும் வேறுபடுத்தி அறிய முடியாதபோது வாங்குபவர் எல்லாக் கார்களுக்கும் குறைந்த விலையே தர முன்வருவார். அவ்விலைக்கு விற்க விரும்பாத நல்ல கார்களின் சொந்தக்காரர்கள் சந்தையைவிட்டு விலகுவர். எஞ்சுபவை பழுதான கார்களே. 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவரில் இவரும் ஒருவர்.

காரைக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சந்தையிலேயே இந்நிலை என்றால், படத்தை மட்டும் பார்த்து வாங்கும் சந்தையில் எப்படியிருக்கும்? நாம் அமைக்கப்போகும் முறைமையின் உண்மையான பிரச்சினை இதுவே. அழகான வலைப்பக்கம் அமைப்பது இரண்டாம்பட்சம்.

யப்பானின் அனுபவம்

இப்பிரச்சினைக்கு முதலில் முகங்கொடுத்த நாடுகளுள் ஒன்று யப்பான். அங்கு பாவித்த கார்களை வியாபாரிகள் தமக்குள்ளேயே ஏல மண்டபங்களில் விற்று வாங்குவர். ஒவ்வொரு காரையும் மண்டபத்துக்கு ஓட்டிச் செல்லவேண்டும். விற்காவிடில் திரும்பக் கொண்டுவரவேண்டும். வாங்குபவரும் தமது கடையை விட்டு ஒரு நாள் முழுவதும் அங்கு இருக்கவேண்டும்.

இதற்கு மாற்றாக ஓக்நெட் என்னும் நிறுவனம் 1985இல் காரை நகர்த்தாமலே ஏலம் விடும் முறையொன்றைத் தொடக்கியது. இணையம் பொதுமக்களின் பாவனைக்கு வராத காலம் அது. கார்களின் படங்கள் லேசர் தட்டுகளில் பதியப்பட்டு முன்கூட்டியே வியாபாரிகளுக்கு அனுப்பப்பட்டன. ஏலம் நடக்கும்போது அவர்கள் தமது கடையிலிருந்தே கணினியின் மூலம் விலை கேட்டனர். 1989இல் படங்களை அனுப்பும் வேலை செய்மதிக்கு மாறியது.

இங்கு மாணவர் கவனிக்கவேண்டியது லேசர் தட்டோ செய்மதியோ அல்ல. காரை விற்பவரே அதை விவரிப்பதற்கு ஓக்நெட் இடமளிக்கவில்லை. அதன் பரிசோதகர்கள் காரைப் பார்வையிட்டு அதன் நிலையை ஒரு தரப்புள்ளியாகச் சுருக்கிக் கொடுத்தனர். வாங்குபவர் நம்பியது அந்த எண்ணையே. இம்முறைமையில் கார்கள் மண்டப ஏலத்தைவிடக் கூடிய விலைக்கு விற்கப்பட்டதாக 1998இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று காட்டியது. இலத்திரனியல் சந்தை விலையைக் குறைக்கும் என்றே அக்காலத்தில் பலர் எதிர்பார்த்திருந்தனர்.

யப்பானிய ஏல மண்டபங்களில் இன்றும் ஒவ்வொரு காருக்கும் ஒரு பரிசோதனைத் தாள் உண்டு. அதில் முழுக் காருக்கும் ஒரு தரப்புள்ளி, உட்புறத்துக்கு ஒரு தர எழுத்து, காரின் வரைபடம் ஆகியன இருக்கும். வரைபடத்தில் கீறலுக்கு ஏ, நெளிவுக்கு யூ, திருத்திய அடையாளத்துக்கு டபிள்யூ, துருவுக்கு எஸ் எனக் குறித்து, அருகில் அதன் அளவைக் காட்டும் எண்ணையும் இடுவர். ஏ1 என்றால் சிறு கீறல், ஏ3 என்றால் பெரியது. இலங்கையும் யப்பானும் வீதியின் இடப்பக்கமாக வாகனம் ஓட்டும் நாடுகள் ஆதலால் எமது வீதிகளில் ஓடும் கார்களில் பல இந்த ஏலங்களின் ஊடாக வந்தவையே. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. உங்கள் ஊர் வாகன விற்பனை நிலையத்தில் கேட்டால் அத்தகைய தாள் ஒன்றை நீங்களும் பார்க்கக்கூடும்.

தேவைகளைக் கேட்டறிதல்

இனி எமது சம்பவத்துக்கு வருவோம். ஒரு நகரில் பாவித்த கார்களை விற்கும் பன்னிரண்டு வியாபாரிகள் ஒன்றுசேர்ந்து ஒரு மென்பொருள் நிறுவனத்தை நாடுகின்றனர் எனக் கொள்வோம். "எங்கள் கார்களை இணையத்தில் ஏலம்விட ஒரு தளம் செய்து தாருங்கள்" என்பதே அவர்களின் கோரிக்கை. இவ்வொரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு குறிமுறை எழுதத் தொடங்கும் நிறுவனம் மூன்று மாதத்தின் பின் எவருக்கும் பயன்படாத தளமொன்றைக் கொண்டுவந்து நிற்கும்.

தேவைகளை இனங்காண நேர்முகம் காணல், வினாக்கொத்து, அவதானித்தல், ஆவணங்களைப் பரிசீலித்தல் போன்ற முறைகள் உண்டு. பன்னிரண்டு பேருக்காக வினாக்கொத்து அச்சிடுவது வீண். நேர்முகமும் அவதானிப்புமே இங்கு பொருத்தமானவை. பின்வரும் உரையாடலை வாசியுங்கள்.

பகுப்பாய்வாளர்: ஐயா, கார் வாங்க வருபவர் முதலில் என்ன செய்வார்?

வியாபாரி: சுற்றிப் பார்ப்பார் தம்பி. பிறகு பொனட்டைத் திறக்கச் சொல்லுவார். ஸ்டார்ட் பண்ணி சைலன்சரில் என்ன நிறத்தில் புகை வருகுது என்று பார்ப்பார்.

பகுப்பாய்வாளர்: அதற்குப் பிறகுதான் விலை பேசுவாரா?

வியாபாரி: ஓடிப் பார்க்காமல் ஒருவரும் விலை பேசமாட்டார். அனேகமாக ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டுதான் வருவார்.

பகுப்பாய்வாளர்: விலை சரிவந்த பிறகும் வியாபாரம் முறிந்தது உண்டா, ஐயா?

வியாபாரி: ஏன் இல்லை? லீசிங் காசு கட்டி முடியாத கார் என்று கடைசி நேரத்தில் தெரியவந்தால் முறியத்தானே செய்யும்.

"தளத்தில் என்ன என்ன வேண்டும்?" எனப் பகுப்பாய்வாளர் ஓரிடத்திலும் கேட்கவில்லை. அவ்வாறு கேட்டிருந்தால் "படம், விலை, தொலைபேசி இலக்கம்" என்ற விடையே கிடைத்திருக்கும். வியாபாரியின் அன்றாட வேலையைக் கேட்டதால் மூன்று தேவைகள் வெளிப்பட்டன. இயந்திரம் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யப்படும் காணொளி ஒன்று வேண்டும். வாங்குபவர் அழைத்துவரும் மெக்கானிக்குக்குப் பதிலாக நடுநிலையான ஒருவரின் பரிசோதனை அறிக்கை வேண்டும். காரின் உரித்து நிலை ஏலத்துக்கு முன்னரே தெரியவேண்டும். லீசிங்கில் உள்ள வாகனத்தின் பதிவில் நிதி நிறுவனமே முற்றுரிமையாளராகக் குறிக்கப்பட்டிருக்கும். கடன் தீர்ந்து அப்பெயர் நீக்கப்படும் வரை வாங்கியவருக்கு முழு உரித்துக் கிடையாது. மூன்றாவது வினாதான் மிகுந்த பலன் தந்தது என்பதைக் கவனியுங்கள். எது பிழைத்துப்போகின்றது எனக் கேட்பது நேர்முகத்தில் எப்போதும் நல்ல வினாவாகும்.

சேவைபெறுநர் யார்?

பணம் செலுத்துபவர் மட்டுமே சேவைபெறுநர் என எண்ணுவது தவறு. எமது முறைமைக்குப் பணம் தருபவர்கள் பன்னிரண்டு வியாபாரிகள். ஆனால் அதனைக் கூடுதலாகப் பயன்படுத்தப்போகின்றவர்கள் கார் வாங்க விரும்பும் பொதுமக்கள். அவர்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள், ஒப்பந்தத்தில் கையொப்பமிடவும் மாட்டார்கள். அவர்களின் தேவையைக் கேளாமல் அமைத்த ஏலத்தில் விலை கேட்க ஆள் இருக்காது.

இரு தரப்பினரின் தேவைகளும் மோதும் இடங்கள் உண்டு. விற்பவர் தாம் ஏற்கக்கூடிய ஆகக்குறைந்த விலையை, அதாவது அடிவிலையை, மறைக்க விரும்புவார். வாங்குபவர் அதை அறிய விரும்புவார். இது பேசித் தீர்க்கக்கூடியது. இன்னொன்று அப்படியன்று. "எங்கள் காருக்கு நாங்களே விலை கேட்டு ஏற்றிவிட வசதி வேண்டும்" என ஒரு வியாபாரி கோரலாம். இது வாங்குபவரை ஏமாற்றும் செயல். சேவைபெறுநர் கேட்டதெல்லாம் தேவையாகிவிடாது. இதனைச் செய்ய முடியாது எனப் பகுப்பாய்வாளர் தெளிவாகக் கூறுவதுடன், காரைப் பதிவுசெய்த கணக்கிலிருந்து அதே காருக்கு விலை கேட்பதை முறைமை நிராகரிக்கவேண்டும் எனவும் தேவைகள் ஆவணத்தில் எழுதவேண்டும். நண்பரின் பெயரில் கேட்பதை இதனால் முற்றாகத் தடுக்க முடியாது. ஆயினும் யார், எப்போது, எவ்வளவு கேட்டார் என்ற பதிவை அழிக்க முடியாதவாறு வைத்தால் பின்னர் ஆராய்ந்தாவது பார்க்கலாம்.

ஏல விதிகள்

"ஏலம் எட்டு மணிக்கு முடியவேண்டும்" என வியாபாரிகள் கூறுகின்றனர். கேட்க இலகுவாகத் தோன்றும் இத்தேவைக்குள்தான் முறைமையின் கடினமான பகுதி ஒளிந்திருக்கின்றது.

எட்டு மணி என்பது யாருடைய எட்டு மணி? பயனரின் கணினிக் கடிகாரம் பிந்தியிருக்கலாம், வேண்டுமென்றே மாற்றப்பட்டும் இருக்கலாம். எனவே சேவையகத்தின் கடிகாரமே கணக்கில் கொள்ளப்படவேண்டும்.

அடுத்து, நிலையான நேரத்தில் முடியும் ஏலத்தில் பலர் கடைசிச் செக்கன் வரை காத்திருந்து விலை கேட்பர். ஈபே தளத்தில் ஏலம் குறித்த நேரத்தில் முடிந்தது. அக்காலத்தில் அமேசன் நடத்திய ஏலத்தில் கடைசி நேரத்தில் விலை கேட்டால் முடிவு நேரம் நீண்டது. பத்து நிமிடம் எவரும் கேட்காதிருந்தால் மட்டுமே ஏலம் முடியும். இவ்விரண்டையும் ஒப்பிட்ட ரொத், ஒக்கன்பெல்ஸ் ஆகியோர் கடைசி நேரக் கேட்பு ஈபேயில் மிக அதிகம் என 2002இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். முறைமையின் ஒரு விதி மனிதரின் நடத்தையை மாற்றிவிடுகின்றது. இணைப்பு வேகம் குறைந்த ஊரிலிருந்து கேட்பவருக்கு நிலையான முடிவு நேரம் பாதகமானது என்பதால் நீட்டிப்பு முறையே எமது சம்பவத்துக்குப் பொருந்தும் என்பது எனது கருத்து. ஆயினும் முடிவெடுக்க வேண்டியவர்கள் சேவைபெறுநர்களே.

அவர்கள் பின்வரும் விதியை ஏற்றதாகக் கொள்வோம். முடிவதற்கு 3 நிமிடத்துக்குக் குறைவாக இருக்கும்போது விலை கேட்கப்பட்டால், கேட்ட நேரத்திலிருந்து 3 நிமிடத்துக்கு ஏலம் நீளும். பி.ப. 7.55க்குக் கேட்டால் மாற்றமில்லை, முடிவு 8.00 ஆகவே இருக்கும். 7.58க்குக் கேட்டால் முடிவு 8.01 ஆகும். அதன்பின் 8.00 மணி 30 செக்கனுக்கு இன்னொருவர் கேட்டால் முடிவு 8.03 மணி 30 செக்கன் ஆகும். 8.03 மணி 31 செக்கனுக்கு வருவது நிராகரிக்கப்படும். சரியாக 30ஆவது செக்கனில் வந்தால்? இதற்கான விடை தேவைகள் ஆவணத்தில் இல்லையெனில் செய்நிரலாளர் தமக்குத் தோன்றியவாறு எழுதிவிடுவார். பல இலட்சம் ரூபா பெறுமதியான பிணக்கு ஒன்று அங்கே தொடங்கும்.

விலைக் கணிப்பிலும் இத்தகைய இடம் ஒன்று உண்டு. வாங்குபவர் தாம் தரக்கூடிய உச்ச விலையை ஒரு தடவை உட்செலுத்திவிட்டால், அவருக்காக முறைமையே படிப்படியாகக் கேட்கும் வசதி பல தளங்களில் உண்டு. ஒருவர் 34 இலட்சம் ரூபாவையும் மற்றவர் 32 இலட்சம் ரூபாவையும் உச்சமாக உட்செலுத்துகின்றனர். ஒரு படி 25,000 ரூபா. அப்போது முதலாமவர் 32 இலட்சத்து 25 ஆயிரம் ரூபாவுடன் முன்னிலையில் இருப்பார். ஆனால் விற்பவரின் அடிவிலை 33 இலட்சம் என்றால் என்ன செய்வது? காட்டப்படும் விலை அடிவிலையை எட்டவில்லை. ஆனால் முதலாமவரோ 34 வரை தரத் தயார். விற்பனையாகவில்லை என முடிப்பதா, விலையை 33 இலட்சத்துக்கு உயர்த்தி விற்பதா, இரு தரப்பினரையும் பேச விடுவதா? மூன்றும் செய்யக்கூடியவையே. இத்தகைய எண் உதாரணம் ஒன்றைத் தாளில் எழுதி வியாபாரிகளின் முன் வைத்தால்தான் அவர்களுக்கும் தமது தேவை என்னவென்று தெரியவரும்.

எந்த விருத்தி மாதிரி?

நீர்வீழ்ச்சி மாதிரியில் ஒரு படி முடிந்த பின்னரே அடுத்தது தொடங்கும். தேவைகள் தொடக்கத்திலேயே தெளிவாக இருந்தால் அது பொருந்தும். இம்மாதிரி வின்ஸ்டன் ரொய்ஸ் என்பவர் 1970இல் எழுதிய கட்டுரையுடன் தொடர்புபடுத்தப்படுகின்றது. ஆனால் அக்கட்டுரையிலேயே அவர், படிகளை ஒரே தடவையில் கடந்துசெல்வது ஆபத்தானது என எச்சரித்து, சேவைபெறுநரை இடையிடையே ஈடுபடுத்த வேண்டும் எனவும் கூறியுள்ளார். பலர் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டனர்.

எமது சம்பவத்தில் தேவைகள் தெளிவாக இல்லை என்பதை மேலே கண்டோம். ஆகவே மூலவகை மாதிரியை அமைத்துக் காட்டி, கருத்தைப் பெற்றுத் திருத்திச் செல்வதே பொருத்தம். முதல் மூலவகைக்குக் கணினியும் வேண்டியதில்லை. ஒவ்வொரு திரையையும் தாளில் வரைந்து, கார் வாங்க விரும்பும் ஒருவரிடம் கொடுத்து, எங்கே அழுத்துவீர்கள் எனக் கேட்கலாம். அடுத்ததாக ஒரேயொரு காருக்கு, வியாபாரிகள் தமக்குள்ளேயே கேட்கும் பரீட்சார்த்த ஏலம் நடத்தலாம். பணம் செலுத்தல், முன்வைப்புப் பணம், குறுஞ்செய்தி அறிவித்தல் என்பன பின்வரும் சுற்றுகளில் சேரும். இம்முறையிலும் குறை உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் சேவைபெறுநர் புதிது புதிதாகக் கேட்டுக்கொண்டே போனால் செலவும் காலமும் எல்லை மீறும். ஒரு சுற்றில் செய்யப்போவதைத் தொடக்கத்திலேயே எழுதி இணங்கிக்கொள்வது அதற்குப் பரிகாரமாகும்.

தரவுகளும் சோதனையும்

தரவுத்தளத்தில் பயனர், கார், பரிசோதனை, ஏலம், கேட்பு என்னும் அட்டவணைகள் போதும். காருக்கு முதன்மைச் சாவியாகப் பதிவிலக்கத்தை எடுக்கலாமா? பதிவுசெய்யப்படாத காருக்கு அது இல்லை. செசி இலக்கம் எல்லாக் காருக்கும் உண்டு. புதிய கேட்பு வரும்போது பழைய தொகையின் மேல் எழுதாமல் கேட்பு அட்டவணையில் புதிய பதிவாகச் சேர்க்கவேண்டும். இருவர் ஒரே கணத்தில் கேட்டாலும் ஒன்றன்பின் ஒன்றாகவே அவை பதியப்படவேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கம் போன்றவற்றைச் சேமிக்கும்போது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்திற்கொள்ள வேண்டும்.

செல்லுபடியாக்கல் பற்றி மாணவர் பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. ஓடிய தூரம் என்னும் புலத்தில் எழுத்துகளை இட்டால் வகைச் சோதிப்பு தடுக்கும். மறைப்பெறுமானத்தை இட்டால் வீச்சுச் சோதிப்பு தடுக்கும். ஆனால் 145,000 கிலோமீற்றர் ஓடிய காருக்கு 45,000 என இட்டால்? அது செல்லுபடியான தரவு. உண்மையான தரவன்று. இதனைக் கணினியால் தனித்து அறிய முடியாது. பழைய சேவைப் பதிவுகளையும் காரையும் நேரில் பார்க்கும் பரிசோதகர் வேண்டும். ஓக்நெட் 1985இல் மனிதரை அனுப்பியதன் காரணமும் இதுவே.

அலகுச் சோதனை, ஒருங்கிணைப்புச் சோதனை, முறைமைச் சோதனை ஆகியவற்றை விருத்தியாளர் தரப்புச் செய்யும். ஏற்புச் சோதனை சேவைபெறுநருக்கு உரியது. மேலே கண்ட 8.00 மணி, 33 இலட்சம் உதாரணங்களையே ஏற்புச் சோதனைக்கான தரவுகளாகவும் பயன்படுத்தலாம். வியாபாரிகள் தாமே இணங்கிய எண்கள் அவை. நிறுவும்போது ஒரு வியாபாரியின் கார்களை மட்டும் முதலில் ஏலத்துக்கு விடுவது முன்னோடி நிறுவலாகும்.

பயிற்சி வினா

ஒரு கார் ஏல முறைமைக்குப் பின்வரும் தேவைகள் முன்வைக்கப்பட்டுள்ளன. (அ) பதிவுசெய்த பயனர் மட்டும் விலை கேட்க முடிதல். (ஆ) கேட்ட விலை 2 செக்கனுக்குள் எல்லோரது திரையிலும் தோன்றுதல். (இ) முடிவு நேரத்தை விதிப்படி நீட்டித்தல். (ஈ) கையடக்கத் தொலைபேசியிலும் இலகுவாக வாசிக்க முடிதல். இவற்றைத் தொழிற்பாட்டுத் தேவைகள், தொழிற்பாடு சாராத் தேவைகள் என வகைப்படுத்தி, (ஆ) நிறைவேறாவிடின் (இ) எவ்வாறு பாதிக்கப்படும் என விளக்குக.

விடைக் குறிப்பு: (அ), (இ) தொழிற்பாட்டுத் தேவைகள். (ஆ), (ஈ) தொழிற்பாடு சாராதவை. இரண்டாம் பகுதிக்குச் சிலர் "முறைமை மெதுவாகும்" என்று மட்டும் எழுதுவர். அது போதாது. கேட்ட விலை பிந்தித் தோன்றினால், நீட்டிக்கப்பட்ட 3 நிமிடத்தில் ஒரு பகுதி மற்றையவர் அறியாமலே கழிந்துவிடும். அவர் தாமே முன்னிலையில் இருப்பதாக நம்பிக் காத்திருக்கையில் ஏலம் முடிந்துவிடலாம். நீட்டிப்பு விதி செய்நிரலில் சரியாக இருந்தும் அதன் நோக்கம் நிறைவேறாது என எழுதினால் முழுமையான விடையாகும்.